பூவில்லாத மல்லி வாசனை

நர்சம்மாவைப் பார்க்கிற எல்லோரும் முதலில் பார்ப்பது அவர் முகத்தை அல்ல, கொண்டையை. வாசனை மூக்கில் ஏறியதும் கண் தானாகப் பின்னந்தலைக்குப் போகும். அங்கே பூ இருக்காது. எண்ணெய் வைத்து இழுத்துச் சீவி, கறுப்பு ஊசி குத்திய சின்னக் கொண்டை மட்டும். மளிகைக்கடைக்காரர், ஜட்கா வண்டிக்காரர், குழாயடிப் பெண்கள், எல்லோர் முகத்திலும் அப்போது ஒரே குழப்பம் வரும். வாசனை இருக்கிறது, பூ எங்கே?

எனக்கு அது வேடிக்கை. ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு அது வேடிக்கை இல்லை. பூவில்லாமல் பூ மணந்தால் மோகினி என்பது எங்கள் பக்கத்தில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். உச்சிவெயிலில் புளியமரத்தடியில் மல்லி மணந்தால் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும், யாராவது கூப்பிட்டாலும் முதல் குரலுக்கு ஏன் என்று கேட்கக் கூடாது. நர்சம்மாவோ மிஷன் சபையைச் சேர்ந்தவர். பூவும் பொட்டும் கூடாது என்று அவர்கள் சபையில் கண்டிப்பு. சென்ட் கூடாது என்று சொல்ல மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

"பாதிரியார் ஐயா கேட்டாரு, இது இன்னாம்மா புதுசான்னு. பிரசவம் பாக்கற எடத்துல கை கழுவற கார்பாலிக் மருந்து நெடிக்குப் பொம்பளைங்க பயந்துக்கறாங்க, அதுக்குதான் ஐயான்னேன். சரி சரின்னு போய்ட்டாரு. ஆம்பளைங்க கிட்ட பிரசவம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், மேல கேக்கமாட்டாங்க" என்பார் நர்சம்மா.

வேலூரில் மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்துப் பாஸ் செய்துவிட்டு, சொந்த ஊரிலேயே வேலை பார்க்க வந்தவர் அவர். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கள் தெருவில் யாருக்கும் அடையாளம் தெரியாது, பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமே இல்லை. எங்கள் தெரு அவரை மல்லி நர்சு என்றது. பெரிய மசூதிப் பக்கம் தோல் வியாபாரிகள் வீட்டில் அத்தர்வாலி. நான் நர்சம்மா என்பேன். அவர் என்னை வாத்தியாரம்மா என்பார். அப்போது நான் வேலூரில் ட்ரெயினிங் ஸ்கூலில் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. லீவுக்கு வந்தால் வீட்டில் கால் தங்காது. புதிதாகப் படித்த ஒவ்வொன்றையும் யாரிடமாவது உடனே சொல்லியாக வேண்டும். ஊரில் அதைக் கேட்கப் பொறுமை இருந்த ஒரே ஆள் அவர்தான்.

மோகினிப் பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது. ஒரு நாள் குழாயடியில் ஒரு பொடிசு அவரைப் பார்த்துவிட்டு அம்மா முந்தானைக்குள் நுழைந்துகொண்டது. நர்சம்மா செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டினார்.

"பேய்க்குக் கால் கெடையாதுடா. எனக்குக் கால் இருக்குது, கால்ல ஆணி வேற இருக்குது. தொட்டுப் பாரு."

குழாயடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குடத்தைப் பாதியிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டைவிரல் உயரம், ஊதாக் கண்ணாடி, கழுத்தில் தங்க நூல். மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் ஒரு சீமைப் பெண்ணும் அவள் கையில் ஊதா நிறத்தில் ஒரு கொத்துப் பூவும். வேலூர் பஜாரில் முதல் சம்பளத்தில் வாங்கியதாம். அந்தப் பூவை இந்த ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை. பார்க்காத பூவின் வாசனைக்கு என்ன பேர் வைப்பது? தெரிந்த பூவின் பேரை வைத்துவிட்டார்கள், மல்லி. பாட்டில் அடிவண்டலுக்கு வந்துவிட்டால் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக் குலுக்கி இன்னும் சில வாரம் ஓட்டுவார். காதுக்குப் பின்னால் ஒரு தொடு, முழங்கையின் உள்மடிப்பில் ஒரு தொடு, முந்தானை முடிச்சில் ஒரு தொடு. கையில் பூசவே மாட்டார்.

"முழங்கைக்குக் கீழ கார்பாலிக். மேல நான்" என்பார்.

அப்போது எனக்குக் கதர் பைத்தியம் புதிதாகப் பிடித்திருந்தது. ஸ்கூலில் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து சீமைச் சாமான் தொடுவதில்லை என்று சபதம் செய்திருந்தோம். அந்த வேகத்தில் அவர் வேலை பார்க்கிற இடத்துக்கே போய் அவரிடமும் உபதேசம் செய்தேன்.

"இது சீமைச் சரக்கு நர்சம்மா. நீங்க பூசலாமா?"

"கார்பாலிக்கும் சீமைதான், கத்திரிக்கோலும் சீமைதான். அதையும் விட்டுட்டுப் பல்லாலயா தொப்புள்கொடி அறுக்கறது?"

"அது வேற, இது சும்மா ஆடம்பரம்."

"எங்கப்பா சுண்ணாம்புக் குழியில நின்னு கால் வெந்து ஊறப்போட்ட தோலு எல்லாம் சீமைக்குக் கப்பல் ஏறிப் போவுது வாத்தியாரம்மா. அங்கருந்து ஒரு சின்ன பாட்டில் திரும்பி வந்தா ஜாஸ்தியா?"

அவர் சிரித்துக்கொண்டே என் கையை இழுத்து, கதர் ரவிக்கையின் கைக்குக் கீழே முழங்கை மடிப்பில் மூடியால் ஒரு தொடு தொட்டுவிட்டார்.

"இப்ப மோந்து பாக்காத. மொதல்ல வர்றது பொய்."

நான் கேட்பேனா? உடனே முகர்ந்தேன். மூக்கில் ஊசி குத்துவது போல் ஸ்பிரிட். அதன் பின்னால் எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் கண்ணில் தெறிக்குமே, அந்தக் கூர்மை. இதற்கா இவ்வளவு என்று நினைத்தேன். ரயில்வே கேட் தாண்டுவதற்குள் அது போய்விட்டது. பிறகு வந்தது பூ. ஒரு பூ இல்லை, கூடை கூடையாக, யாரோ ஈரத்துணியை உதறித் திறந்தது போல. தித்திப்பு என்றால் நாக்கில் தெரிகிற தித்திப்பு. சர்க்கரைப் பாகு கொதிக்கும்போது பக்கத்தில் நின்றால் தொண்டையில் இறங்குமே, அப்படி. எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்கு முன்னால் என்னைவிட நன்றாக உடுத்திய இன்னொருத்தி நடந்து போவது போலவும், நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவது போலவும் இருந்தது. எதிரே வந்தவர்கள் என் தலையைப் பார்த்தார்கள். நான் அன்று கனகாம்பரம் வைத்திருந்தேன். கனகாம்பரத்துக்கு ஏது வாசனை? அவர்கள் முகத்தில் அதே குழப்பம். முதல்தடவையாக அதை உள்ளேயிருந்து பார்த்தேன். வேடிக்கையாக இல்லை.

அம்மா வாசலிலேயே பிடித்துவிட்டாள்.

"இன்னாடி இது? அவ கிட்ட போனியா? வயசுப் பொண்ணு, இது கூடவா புத்தி கெடயாது? போ, சீயக்கா போட்டுத் தேச்சிட்டு உள்ள வா."

தேய்த்தேன். போகவில்லை. சாயங்காலம் வேர்வையில் அது வேறாக மாறியது. தித்திப்பு எல்லாம் அடங்கி, தூங்கி எழுந்த குழந்தையின் கழுத்தில் வருமே பாலும் பவுடரும் கலந்த ஒன்று, அப்படி மெதுவாக. அதுதான் நிஜம் என்று நினைக்கிறேன். அது எனக்கு மட்டும் தெரிகிற அளவு தாழ்வாக இருந்தது.

அன்று அப்பா வேலை முடிந்து வந்தார். அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் கணக்குப்பிள்ளை. அவர் சட்டையைக் கொல்லைப்புற ஆணியில் மாட்டிவிட்டு, குளித்துவிட்டுத்தான் கூடத்துக்கு வருவார். அந்தச் சட்டையை அம்மாதான் துவைப்பாள். அதில் ஏதாவது வாடை இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை. வாடை என்பது எங்கள் தெருவில் மூக்கு சம்பந்தப்பட்ட வார்த்தை இல்லை. பாலாற்றங்கரையில் தோல் ஷாப்பை ஒட்டியிருந்த பேட்டையில் யார் இருக்கிறார்கள், அவர்கள் எதுவரை வரலாம், எதைத் தொடலாம் என்பதை எல்லாம் சுருக்கிச் சொல்ல ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. தோல் வாடை என்று சொல்லிவிட்டால் போதும். நர்சம்மாவின் வீடு அந்தப் பேட்டையில்தான் இருந்தது.

யார் கிட்டே வந்தாலும் அவர் முழங்கையை நீட்டி "வருதா?" என்று கேட்பார். சென்ட் வருகிறதா என்றுதான் கேட்கிறார் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். "வருது, நல்லா வருது" என்பேன். ஒரு நாள் அவரே சொன்னார்.

"ஆஸ்பத்திரி ஆஸ்டல்ல சேந்த அன்னிக்கு என் கட்டிலை ஜன்னல் ஓரமாப் போட்டாங்க. காத்து நல்லா வரும்னு சந்தோஷப்பட்டேன். மார்கழி மாசம். எல்லாப் பொண்ணுங்களும் போத்திக்கினு நடுங்கறாங்க, ஜன்னலை மட்டும் மூடவிடல. ஏன்னு எனக்குப் புரியல. அப்பறம் ஒருத்தி சொன்னா."

"என்ன சொன்னா?"

"நல்ல பொண்ணுதான், மெதுவாத்தான் சொன்னா. எனக்கு என் வாடை தெரியாது, பாரு. பொறந்ததுல இருந்து அதுக்குள்ளயே இருந்துட்டேன். எவ்ளோ தேச்சாலும் போச்சா இல்லியான்னு எனக்குத் தெரியப்போறதில்ல. மத்தவங்க மூஞ்சியப் பாத்துதான் தெரிஞ்சிக்கணும். அதான் வாங்கினேன். இது வருதான்னு கேக்கலாம். அது வருதான்னு எப்படிக் கேக்கறது?"

நான் உடனே, வேகவேகமாக, "இல்ல நர்சம்மா, வரல, வரவே வரல" என்றேன். அவர் சிரித்தார்.

"நீயும் ஆம்பூர்லதான பொறந்த."

அது உண்மை. எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த வாடை தெரியாது. ஆவாரம்பட்டை ஊறுகிற தொட்டியும் சுண்ணாம்புக் குழியும் காய்கிற தோலும் சேர்ந்து காற்றாகவே ஆகிவிட்ட ஊர். வெளியூர்க்காரர்கள் ரயில் ஆம்பூருக்குள் நுழையும்போதே மூக்கைப் பொத்துவார்கள். அவர்களைப் பார்த்துத்தான் நாங்களும் தெரிந்துகொள்வோம்.

தோல் வியாபாரி வீட்டில் நடந்ததை அவர் சொன்ன மாதிரி என்னால் சொல்ல முடியாது. அங்கே பிரசவம் பார்க்கப் போயிருக்கிறார். வீட்டுப் பெரிய பீபி வாசல் திரைக்குப் பின்னாலிருந்தே மோப்பம் பிடித்து, "இதுல சாராயம் கலந்திருக்கு, நமாஸ் படிக்கிற வீடு" என்று நிறுத்திவிட்டாராம். நர்சம்மா முற்றத்தில் நின்றபடி கைவிசிறியால் தனக்குத்தானே விசிறிக்கொண்டு, "சாராயம் இதோ போய்டும் பீபி, பூ மட்டும்தான் நிக்கும். அதுக்குள்ள உங்க பேரன் வந்துடுவான், சீக்கிரம் விசிறச் சொல்லுங்க" என்றாராம். பீபி சிரித்துவிட்டார். பேத்திதான் பிறந்தது. அந்த வீட்டில் அவர் முன்வாசல் வழியாகத்தான் போய்வந்தார். முதல் வலி எடுத்ததும் ஆள் அனுப்புவார்கள். அங்கே அவர் கையில் ஒரு உயிர் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் தெருவில் அப்படி இல்லை. இங்கே முதலில் மருத்துவச்சிக் கிழவி வருவாள். அவளால் முடியாமல், வேப்பிலை கட்டி, மந்திரித்து, வீட்டில் இருக்கும் பூட்டு பெட்டி எல்லாம் திறந்து வைத்து, ஒன்றும் நடக்காமல், பெண் முனகக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கும்போது யாராவது, "அவளைத்தான் கூப்ட்டுப் பாக்கறதா" என்பார்கள். அப்போதுதான் ஊதா பாட்டில் வாசனை எங்கள் தெருவுக்குள் வரும். வாசனை வந்த வீட்டில் அன்றோ மறுநாளோ பறை அடிக்கும். இதற்கு என்ன அர்த்தம் என்று ட்ரெயினிங் ஸ்கூலில் படித்த எனக்குத் தெரிந்தது. கடைசியில் கூப்பிட்டால் கடைசியில்தான் வர முடியும். தெரு வேறு மாதிரி கணக்குப் போட்டது. மல்லி வந்தால் உயிர் போகிறது. ஆகவே அடுத்த வீட்டுக்காரர்கள் இன்னும் தாமதமாகக் கூப்பிட்டார்கள்.

"இதை நீங்க எடுத்துச் சொல்லக்கூடாதா?" என்று நான் குதித்தேன்.

"யாருக்கு? செத்தவ வீட்ல போயி, நீங்க லேட்டா கூப்ட்டீங்கன்னா?"

என் அண்ணி காவேரிப்பாக்கத்துப் பெண். ஏரிக்கரையில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் ஊர்க் காற்று பட்டதுமே வாந்தி எடுப்பாள். "இது இன்னா ஊரு பாப்பா, எப்படி மூச்சு விடறீங்க?" என்று என்னிடம் கேட்டு அழுவாள். மாசமானதும் இன்னும் மோசம். ஒரு வாய் சோறு தங்காது. நர்சம்மாவைக் கொல்லைப்பக்கம் வரச்சொல்லி நான் கேட்டபோது, அவர் ஒரு கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டுக் கொடுத்தனுப்பினார். அண்ணி அதை மூக்கில் வைத்துக்கொண்டு முதல் தடவையாக முழுச் சோறு சாப்பிட்டாள்.

"இது மல்லி இல்ல பாப்பா" என்றாள். "மல்லின்னு யாரு சொன்னாங்க? மழை விட்டதும் ஏரி மேட்ல ஒரு புல்லுப்பூ பூக்கும், குட்டியா. அது மாதிரி இருக்குது." ஊரில் அந்த வாசனையை மல்லி இல்லை என்று சரியாகச் சொன்ன ஒரே மூக்கு அவளுடையது.

அம்மா அந்தக் கைக்குட்டையைக் கண்டுபிடித்து அடுப்பில் போட்டாள். நர்சம்மா இன்னொன்று கொடுத்தனுப்பினார். அதுவும் போயிற்று. ஆனால் அம்மா அண்ணியைத் தாங்கியது போல் ஒரு மாமியார் தாங்கி நான் பார்த்ததில்லை. தன் கையால் ஊட்டினாள். கால் வீங்கினால் பிடித்துவிட்டாள். அம்மாவுக்கு எனக்கு மேலே இரண்டு பிறந்து தங்கவில்லை. அந்தப் பயம் அவள் எலும்பில் இருந்தது.

வலி எடுத்தது ஒரு விடியற்காலை. மருத்துவச்சிக் கிழவி வந்தாள். மறுநாள் காலையும் அவள்தான் இருந்தாள். குழந்தை குறுக்கே திரும்பிக் கிடக்கிறது என்று எனக்கே தெரிந்தது, வயிறு அகலமாக, கோணலாக இருந்தது. அண்ணன் கூடத்தில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தான். அப்பா, "ரயிலேத்தி வேலூருக்குக் கொண்டு போயிடலாமா" என்று ஒரு தடவை சொன்னார். அம்மா, "இந்த ஒடம்ப எப்படி ரயிலேத்துவ" என்றதும் அடங்கிவிட்டார். நான் கத்தினேன். நர்சம்மாவைக் கூப்பிடு என்று கத்தினேன். கடைசியில் அண்ணன் எழுந்து, "கூப்புடுமா" என்றான்.

அம்மா அழுதுகொண்டே சொன்னாள்: "வரட்டும். ஆனா அந்த வாசனை என் வாசப்படி ஏறக்கூடாது. அது உள்ள வந்தா உசுரு போவும். எனக்கு என் மருமவ வேணும்."

நான் ஓடினேன். பேட்டைக்குள் அதுவரை நான் போனதில்லை. வழி கேட்டுக் கேட்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றதும் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "எவ்ளோ நேரமா வலி?" என்று மட்டும் கேட்டார். நான் சொன்னதும் முகம் மாறியது. சிவப்பு சோப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்க் காது, கழுத்து, கை எல்லாம் தோல் சிவக்கத் தேய்த்தார். பெட்டியைத் திறந்து புடவை எடுத்து முகர்ந்தார். வைத்தார். இன்னொன்று. அதையும் வைத்தார். வருஷக்கணக்காக அந்தப் பெட்டிக்குள் அந்த வாசனை ஊறியிருந்தது. அவருடைய புடவை ஒன்றுகூட அது இல்லாமல் இல்லை.

அவர் அம்மா தோல் ஷாப்பில் ஆட்டுத்தோலிலிருந்து மயிர் பிடுங்குகிற வேலை செய்பவர். கொடியில் அந்த அம்மாவின் புடவை காய்ந்துகொண்டிருந்தது. நர்சம்மா அதை உருவிக் கட்டிக்கொண்டார். பையைத் தூக்கினார். நாங்கள் ஓட்டமும் நடையுமாக வந்தோம்.

எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவில் அம்மா நின்றாள். அவர் கிட்டே வந்ததும் அம்மாவின் முகம் சுருங்கியது.

"தோல் வாடை வருது."

"துவைச்சதும்மா. அவசரத்துக்கு இதான் கெடச்சது. பொண்ணு எப்படி இருக்குது?"

"பச்சத் தோலு மாதிரி வருது. இதோட உள்ள வந்து புள்ளைய தொடுவியா? குளிச்சிட்டு வா."

"அம்மா, நேரம் இல்ல."

"குளிச்சிட்டு வா."

எங்கள் கிணற்றில் அவர் நீர் இறைக்கக் கூடாது. உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது, அது குரல் மாதிரியே இல்லை. நர்சம்மா பையைத் தரையில் வைத்துவிட்டுத் துவைக்கிற கல்லருகே உட்கார்ந்தார்.

"ஊத்து வாத்தியாரம்மா. சீக்கிரம் ஊத்து."

நான் இறைத்து இறைத்து ஊற்றினேன். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். "இன்னும் வருது" என்றாள். ஊற்றினேன். எனக்கு வாடை தெரிந்ததா என்று கேட்டால், நான் எப்படிச் சொல்வேன்? நான் ஆம்பூர்க்காரி. அம்மாவும் ஆம்பூர்க்காரிதான். என் ஸ்கூல் புடவையை எடுத்து வந்து கொடுத்தேன். "அது திரும்பி வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றாள் அம்மா. அவிழ்ந்த தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, என் புடவையில், அவர் உள்ளே போனார்.

அண்ணி கண்ணைத் திறந்தாள். மூக்கை ஒரு தடவை இழுத்தாள்.

"நர்சம்மா, இன்னிக்குப் பூசிக்கலியா?"

"மறந்துட்டேன் கண்ணு."

முழங்கை வரை கார்பாலிக்கில் கழுவிவிட்டுப் பார்த்தார். குழந்தையின் கை வெளியே வந்திருந்தது, நீலமாக. பார்த்ததும் அவர் என் பக்கம் திரும்பவில்லை, வாசலைப் பார்த்து, "ஸ்டேஷனுக்கு வண்டி பூட்டுங்க, வேலூர் போவணும், இப்பவே" என்றார். வண்டி பூட்டினார்கள். வைக்கோல் மேல் மெத்தை போட்டு அண்ணியைக் கிடத்தி, அவர் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். நான் கால்மாட்டில். ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிந்தபோது அவர் அண்ணியின் மணிக்கட்டிலிருந்து விரலை எடுத்துவிட்டு வண்டிக்காரரைப் பார்த்து, "மெதுவாவே போப்பா" என்றார்.

காரியத்துக்கு வந்த பெண்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மார்பில் அடித்துக்கொண்டு சொன்னாள்: "வேணாம் வேணாம்னு சொன்னேனே. கொல்லக் கதவண்ட வரும்போதே குப்புன்னு மல்லி அடிச்சதே. அப்பவே தெரிஞ்சி போச்சே எனக்கு."

"இல்லம்மா" என்றேன் நான். "அன்னிக்கு அவங்க பூசல. நீதான தோல் வாடை வருதுன்ன. நான்தான தண்ணி ஊத்தினேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். பொய் சொல்கிற கண் இல்லை அது. அவளுக்கு நிஜமாகவே மல்லிதான் ஞாபகம் இருந்தது.

"உனக்கு மூக்கே கெடயாதுடி" என்றாள். பக்கத்தில் இருந்த பெண்கள் தலையாட்டினார்கள். எதிர்வீட்டு அம்மாள், "எங்க வீட்டு ஜன்னல் வரைக்கும் வந்துச்சே" என்றாள்.

நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அந்த லீவு முழுவதும் அதே வேலை. குறுக்கே கிடக்கிற குழந்தை என்றால் என்ன என்று கரித்துண்டால் தரையில் படம் போட்டுக்கூடக் காட்டினேன். கேட்டார்கள். படிச்ச பொண்ணு என்று மோர் கொடுத்தார்கள்.

அடுத்த லீவில் எதிர்வீட்டு அம்மாளின் மருமகளுக்கு வலி எடுத்தது. காலையில் ஆரம்பித்தது, உச்சிவெயில் ஏறியும் ஓயவில்லை. தெரு முழுக்கக் கேட்டது. அம்மா எங்கள் ஜன்னல் கதவைச் சாத்தினாள். நான் வெளியே வந்தேன்.

தெருமுனையில் குழாயடியில் நர்சம்மா நின்றிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. யாரோ சொல்லக் கேட்டு, தானே வந்திருக்கிறார். கையில் பை. தெருவுக்குள் ஓர் அடி வைக்கவில்லை. என்னைப் பார்த்ததும், "கேட்டுப் பாக்கறியா?" என்றார்.

ஓடினேன். எதிர்வீட்டு அம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"வேணாம்மா. உங்க வீட்டுக்கு வந்தது போதும்."

"கிட்டத்தான் நிக்கறாங்க. முனையிலேயே நிக்கறாங்க. ஒரு தடவை பாத்துட்டுப் போகட்டும்."

"முனைக்கே வந்துட்டாளா?" என்று அவள் பதறி, உள்ளே திரும்பி, "சாம்பிராணி போடுங்கடி" என்றாள்.

திரும்பி நடந்து வந்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் என் முகத்தைப் படித்துவிட்டார். முகங்களைப் படிப்பதுதான் அவர் ஆயுசு முழுக்கச் செய்த வேலை. குனிந்து பையை எடுத்தார். எங்கேயிருந்து கிளம்பினாலும் "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லாமல் அவர் போனதில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் மட்டும்தான் எங்கள் பக்கத்தில் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி, பாலாற்றுப் பக்கமாக நடந்தார்.

எதிர்வீட்டில் அந்தப் பெண் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தாள்.